பனி பெய்த ஊரில் ராயப்புவின் இருமல்

ராயப்புவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் விடிந்ததும், அவருடைய இருமல் வழக்கம்போல எழுந்து, பின்கதவைத் தாண்டி, அவர் வேப்பங்குச்சி ஒடிக்கிற இடத்தில் போய் நின்று, முதலில் தொண்டையைச் செருமி, அப்புறம் அடிவயிற்றிலிருந்து கயிறு இழுக்கிற மாதிரி இழுத்து, கடைசியில் வற்றின கிணற்றில் வாளி மோதுகிற சத்தத்தோடு ஓய்ந்தது. அடுப்படியில் இருந்த சலேத்தம்மா, "வெந்நி காயுது, பச்சத்தண்ணியில கை வைக்காதீங்க" என்று குரல் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் மனுஷன் போய்ச் சேர்ந்த நினைப்பு வந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை அவள் திரும்ப வாங்கவில்லை. ஆள் போனால் என்ன, இருமலுக்கும் வெந்நீர் இதமாகத்தானே இருக்கும் என்று ஒரு செம்பில் மோந்து கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள்.

மகள் புளோரா வயிற்றுப் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள். "அம்மா, அப்பா இருமுத மாதிரி கேட்டுச்சு."

"மாதிரி என்ன மாதிரி? அவருதான்."

"நேத்துத்தானம்மா அப்பாவைப் புதைச்சோம்."

"அப்பாவைப் புதைச்சோம். இருமலை யாரு புதைச்சா?"

தாழைமுனை கடலோரத்து ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உடைமரக் காடு, காட்டுக்கு அந்தாண்டை முள்கம்பி வேலி, வேலிக்குள் கடற்படையின் விமானத் தளம். அதிசயத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்க அந்த ஊருக்கு நேரம் கிடையாது. மீன் வந்தால் மீனைப் பார்க்கணும், வராவிட்டால் கடன்காரனைப் பார்க்கணும். ஆகவே முதல் வாரம் "ராயப்பு இருமல் கேட்டியா" என்று கேட்டவர்கள், அடுத்த வாரம் "ராயப்பு இருமல் வந்தாச்சு, எந்திரிங்க பிள்ளைகளா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று அதை வைத்தே பொழுதை அளந்தார்கள். இருமல் டீக்கடைக்குப் போகும்; கடைக்காரர் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் ஒதுக்குவார். பூசைக்குப் போகும், ஆண்கள் பக்கம், தூணோரமாக, ராயப்பு முட்டி போடுகிற இடத்திலேயே நின்று, சாமியார் பிரசங்கத்தை நீட்டினால் சரியாக அந்த இடத்தில் செருமும். "உயிரோட இருக்கும்போதும் இதைத்தான் செஞ்சாரு" என்று சனங்கள் சிரித்தார்கள்.

யாரோ சொல்லி, பங்குச்சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தார். வீடு முழுக்கத் தெளித்தார். இருமல் இன்னும் பலமாக இருமியது. சாமியார் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இது பேய் இல்லம்மா. ஞானஸ்நானம் வாங்கின மனுஷனோட இருமல். வெளியே போன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை" என்றார்.

"நானும் போகச் சொல்லலியே சாமி" என்றாள் சலேத்தம்மா.

ராயப்பு கடற்படையில் சேர்ந்து, எங்கெங்கோ சுற்றி, கடைசி வருஷங்களில் சொந்த ஊர்ப் பக்கத்துத் தளத்துக்கே மாற்றலாகி வந்தவர். விமான எஞ்சினை ஓட்டிப் பார்க்கிற கொட்டகையில் அவருக்கு வேலை. கொட்டகைச் சுவர் முழுக்க, குழாய் முழுக்க, சூடு தாங்குவதற்காக வெள்ளைப் பஞ்சு பொதிந்திருக்கும். நைந்துபோன பஞ்சை வெறுங்கையால் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு அடைக்கணும். சாயங்காலம் வீடு வரும்போது மீசை, புருவம், சட்டைப் பை எல்லாம் வெள்ளையாக வந்து நிற்பார். சலேத்தம்மா அந்தச் சட்டையை வாசலில் உதறி, கல்லில் அடித்து, கொடியில் காயப் போடுவாள். ஓய்வு பெற்று வந்த பிறகுதான் இருமல் பிடித்தது. மூச்சு, ஏணி ஏறுகிற கிழவன் மாதிரி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது. தளத்து மருத்துவர் நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பீடி குடிச்சிருக்கீங்க" என்றார். ஊதுபத்தி கொளுத்தினாலே ஜன்னலைத் திறக்கிற மனுஷனைப் பார்த்துச் சொன்னார். ராயப்பு அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னது ஒரே பேச்சுத்தான்: "சலேத்து, நான் பீடி குடிச்சுச் செத்தேன்னு மட்டும் எவனையும் சொல்ல விடாத."

அவள் மாதா படத்துக்கு முன்னால் அதற்குச் சரி என்றாள். மாதாவுக்கு முன்னால் சரி என்று சொன்னால் சரிதான்.

ஆடி மாசம் பிறந்ததும் மற்றதுகளும் வந்தன. தளத்தில் வேலை பார்த்துச் செத்துப்போன ஒவ்வொருத்தருடைய இருமலும் கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அதது அதன் வீட்டுக்கு வந்தது. பெண்சாதிகளுக்கு அடையாளம் சொல்லித் தரவா வேண்டும்? சூசையுடையது ஆட்டுக்குட்டி மாதிரி, மிக்கேலுடையது மரப்பெட்டியைத் தரையில் இழுக்கிற மாதிரி. மிக்கேல் பெண்சாதி மதலேன், கையில் இருந்த அகப்பையை ஓங்கிக்கொண்டு, "உசிரோட இருக்கையில சாராயக்கடையே கதின்னு கெடந்தியரு, இப்ப நேரத்துக்கு வீட்டுக்கு வாரீராக்கும்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்தாள்.

இப்படி ஊர் பாட்டுக்கு ஊர், இருமல் பாட்டுக்கு இருமல் என்று போயிருக்கும். ஆனால் நேவிக்காரன் பழக்கம் விடுமா? காலையில் தளத்தில் கொடியேற்றுகிற நேரத்துக்கு அத்தனை இருமலும் ஊரைவிட்டுக் கிளம்பி, வேலியைத் தாண்டி, வரிசையில் போய் நின்றன. எல்லாரும் விறைப்பாகச் சல்யூட் வைத்து நிற்கிற அமைதியில், ஆளில்லாத வரிசையிலிருந்து ஒன்று தொடங்க, அடுத்தது வாங்க, கொடி பாதிக் கம்பத்திலேயே தயங்கியது.

தளத்து அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். சலேத்தம்மா நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தாள்.

"அம்மா, தளத்துக்குப் பொன்விழா வருது. பெரியவங்க எல்லாம் வர்றாங்க. உங்க வீட்டுக்காரர் இருமலை அன்னைக்கு மட்டும் வீட்டோட இருக்கச் சொல்லணும்."

"நான் சொன்னா கேப்பாரா அய்யா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்டதில்ல."

"வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. செஞ்சு தர்றேன்."

"அந்தக் கொட்டகைச் சுவத்துல இருந்தது என்னன்னு சொல்லுங்க. அது போதும்."

அதிகாரி காப்பிக் குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அது... வெறும் தூசிதாம்மா. எல்லாக் கட்டடத்துலயும் இருக்குறதுதான்."

நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று ராயப்பு இருமினார். அதிகாரி குவளையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பொன்விழாவுக்காகத்தான் அந்தப் பழைய கொட்டகையை இடிக்கிறார்கள் என்பதும், இடிக்கிற வேலைக்கு மேஸ்திரி தாழைமுனைப் பையன்களைத்தான் சேர்த்திருக்கிறான் என்பதும், மருமகன் அமலதாஸ் ஒருநாள் புருவமெல்லாம் வெள்ளையாக வாசலில் வந்து நின்றபோதுதான் சலேத்தம்மாவுக்குத் தெரிந்தது. அந்த நிற்பைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அதே வாசல், அதே பொழுது, அதே வெள்ளை.

"எய்யா, அந்த வேலை வேண்டாம்."

"மாமி, கடல்ல ஒண்ணும் இல்ல. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கு. கொஞ்ச நாள்தான். சுவத்தை இடிச்சு அள்ளிட்டா முடிஞ்சுது."

"உம்ம மாமாவும் கொஞ்ச நாள்னுதான் போனாரு."

"மாமாவுக்கு வயசாச்சு மாமி" என்று சொல்லிவிட்டு அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். இருமல் வேப்பமரத்தடியிலிருந்து நகர்ந்து வந்து, அந்தச் சட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டது. அங்கேயே கிடந்து இருமியது. புளோரா துவைக்க எடுக்கப் போனபோது, சலேத்தம்மா மகளின் கையைத் தட்டிவிட்டு, சட்டையை உதறாமல், அப்படியே குடத்துத் தண்ணீரைக் கொட்டி நனைத்து, மூலையில் ஒதுக்கினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ராயப்பு அங்கே உட்கார்ந்திருக்கிறார், காரணம் இல்லாமல் உட்கார மாட்டார், அவ்வளவுதான்.

தாழைமுனையில் இருப்பது பனிமய மாதா கோயில். பனி என்றால் என்னவென்று பார்த்த ஆள் ஒருத்தர்கூட அந்த ஊரில் கிடையாது. வெயிலில் மணல் பொரிகிற ஊரில், ஆகஸ்டு மாசம் மாதா திருநாளுக்கு, சப்பரம் கோயில் வாசலில் இறங்கும்போது மணிக்கோபுரத்தின் உச்சியிலிருந்து பனி பெய்யணும் என்பது வழக்கம். முன்காலத்தில் முருங்கைப்பூவும் பஞ்சும் போட்டார்கள். தளம் வந்த பிறகு, ராயப்புவும் சூசையும் மிக்கேலும் இப்போது கோயில்பிள்ளையாக இருந்து மணியடிக்கிற சந்தியாகுவும் கொட்டகையில் பிய்த்துப் போட்ட வெள்ளைப் பஞ்சைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து போட்டார்கள். அது மாதிரி பனி முன்னே பெய்ததும் இல்லை, பின்னே பெய்ததும் இல்லை. அத்தனை மென்மை, அத்தனை வெள்ளை. காற்றில் அந்தரத்திலேயே நின்று, வெயிலில் மினுங்கி, இறங்க மனசில்லாமல் இறங்கும். சனங்கள் அண்ணாந்து நிற்பார்கள். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். கொட்டகையைப் பூட்டின பிறகு அந்தப் பனி நின்றுபோனது. தெர்மாகோல் பொடியைப் போட்டார்கள். ஆனால் அது மாதாவுக்கே பிடிக்கவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சப்பரம் ஓர் இடத்தில் இறங்கினால், மறுபடி தோளில் ஏறுகிறவரை அந்த இடத்தில் ஊர்க்காரர் யாரும் வேலையில் கை வைக்கக் கூடாது. வழியில் எங்கே இறக்கி வைத்தாலும், அந்த இடத்தில் தொடங்கின ஜெபமாலை முடிந்து, தொடங்கினவர் வாயிலிருந்து கடைசி ஆமென் வந்த பிறகுதான் மறுபடி தோள் கொடுக்கணும். இது எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்ததை மீறினவர்கள் தாழைமுனையில் உண்டு. இதை மீறினவர் கிடையாது.

அந்த வருஷத் திருநாளில், சப்பரம் தெருவெல்லாம் சுற்றிவிட்டுக் கோயில் வாசலை நெருங்கும்போது, முன்கம்பைத் தோளில் தாங்கி வந்த அமலதாஸ் மாமியாரைப் பார்த்துச் சிரித்து, கோபுர உச்சியைக் கண்ணால் காட்டினான். "மாமி, இன்னைக்குப் பழைய பனி. மாமா ஞாபகமா, அந்தக் கொட்டகையில இருந்தே ஒரு சாக்கு கொண்டாந்து சந்தியாகு மாமாகிட்டக் குடுத்திருக்கேன்."

சலேத்தம்மா அண்ணாந்து பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள்: காலையிலிருந்தே ஊரில் ஒரு வீட்டிலும் இருமல் இல்லை. அத்தனையும் மணிக்கோபுரத்தில் ஏறி நின்றன. சூசையின் ஆட்டுக்குட்டி, மிக்கேலின் மரப்பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே கிணற்றில் மோதும் வாளி. அவற்றுக்கு நடுவே மெலிசாக ஒரு பெண்பிள்ளை இருமலும் கேட்டது. அது லூசியாளுடையது. லூசியாள் தளத்து வாசலைக்கூடப் பார்த்தவள் இல்லை. திருநாள் முடிந்ததும் கோயில் வாசலில் விழுந்த பனியைப் பெருக்கி அள்ளுகிறவள், இளவயசிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போனவள்.

சலேத்தம்மாவுக்கு எல்லாம் ஒரே நூலில் கோத்த மணியாக ஓடி வந்து கைக்குள் விழுந்தது. சட்டை, சாக்கு, சுவர், லூசியாளின் விளக்குமாறு. கீழே பிள்ளைகள் வாயைத் திறந்து நின்றார்கள். புளோரா வயிற்றில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள்.

வாழ்நாளில் கோயில் வாசலில் சத்தம் போட்டுப் பேசாதவள், மீன் ஏலக்காரி மாதிரி கத்தினாள்: "வாயை மூடுங்க பிள்ளைகளா! சந்தியாகு அண்ணே, சாக்கை அவுக்காதேயும்! மாதா மேல ஆணை, அவுக்காதேயும்!"

மேலே சந்தியாகு, சாக்கின் முடிச்சில் கை வைத்தபடி மூச்சிரைத்தார். அவருக்கும் இப்போதெல்லாம் மூச்சு ஏணி ஏறுகிற மூச்சுதான். சுற்றிலும் இருமுகிற பழைய சிநேகிதர்களின் சத்தத்தைக் கேட்டார். முடிச்சிலிருந்து கையை எடுத்தார். மேலே வைத்திருந்த குடத்துத் தண்ணீரைச் சாக்கின்மேல் கொட்டி, ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"தங்கச்சி, இதை நாங்கதான கொண்டாந்தோம். நாங்கதான போட்டோம், எங்க கையாலேயே, எங்க பிள்ளைக மேலேயே..."

"கொண்டாந்தீங்க. பனின்னு நெனச்சுக் கொண்டாந்தீங்க. இது என்னன்னு தெரிஞ்சவன் ஒருத்தன் உள்ள இருந்தான், அவன் வாயைத் தொறக்கல. அவன் பாவத்தை நீரு எதுக்குச் சுமக்கீரு? இறக்கும்."

அந்த ஈரச் சாக்கை அவள் மாதாவின் காலடியில், பூவுக்கு நடுவில் வைக்கச் சொன்னாள். பிறகு முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கையிலிருந்த ஜெபமாலையால் உடைமரக் காட்டுப் பக்கம் காட்டினாள்.

"சப்பரத்தைத் திருப்புங்க."

அந்தப் பக்கம் சப்பரம் போனதே கிடையாது. திருநாள் கமிட்டித் தலைவர், "வழக்கம் இல்லையேம்மா" என்றார். மதலேன் அவர் பக்கம் திரும்பி, "செத்தவன் வந்து இருமுறதும் வழக்கம் இல்லதான். வந்து இருமுறானுகள்ல? தோளக் குடுமய்யா" என்றாள். அமலதாஸ் சாக்கைப் பார்த்தான், பெண்சாதியைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். முன்கம்பைத் திருப்பினான்.

மாதா காட்டைத் தாண்டிப் போனாள். முன்னால் கொட்டு, நடுவில் சப்பரம், பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வரிசையில், கால் தப்பாமல், பழைய நேவிக்காரர்களின் இருமல். தளத்து வாசலின் சரி நடுவில் அமலதாஸ் முழங்காலை மடித்துக் கம்பை இறக்கினான். மற்றவர்களும் இறக்கினார்கள். உள்ளே கொட்டகைச் சுவரில் கடப்பாரையோடு நின்றிருந்த ஊர்ப் பையன்கள், சப்பரம் இறங்கின கொட்டுச் சத்தம் கேட்டதும், அங்கங்கே கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்து முட்டி போட்டார்கள்.

சலேத்தம்மா ஜெபமாலையைத் தொடங்கினாள்.

அவள் நடத்துகிற ஜெபமாலை எப்போதும் நிதானம்தான். அன்றைக்கு அதைவிட நிதானம். பத்து மணி உருட்டி ஒரு தேவரகசியம் முடிந்தால் ஊரில் செத்தவர்களுக்கு ஒன்று, சாகப்போகிறவர்களுக்கு ஒன்று, பிறக்கப்போகிறவர்களுக்கு ஒன்று. சனங்கள் பதில் சொல்லும்போது, "எங்கள் மரண நேரத்திலும்" என்கிற இடத்தில், அத்தனை இருமலும் சேர்ந்து வந்தது. பொன்விழா ஏற்பாட்டைப் பார்க்க வந்த பெரியவர்களின் கார்கள் வெளியே நின்றன. லாரிகள் நின்றன. அதிகாரி வெள்ளை உடுப்போடு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அம்மா, ஜெபம் எப்ப முடியும்?"

"உங்க கையிலதான் அய்யா இருக்கு. இந்தச் சாக்குல இருக்குறது என்னன்னு, இந்த மாதா முன்னால, உங்க வாயால சொல்லுங்க. ராயப்பு பீடி குடிச்சுச் சாகலன்னு சொல்லுங்க. அந்தச் சுவத்தை எங்க பிள்ளைக கையால இடிக்க மாட்டோம்னு சொல்லுங்க. நான் உடனே ஆமென் சொல்லிருதேன்."

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். கார்களுக்குள் இருந்த பெரியவர்களைப் பார்த்தார். "வெறும்..." என்று தொடங்கினார். தூசி என்கிற வார்த்தை வரவில்லை. அந்த இடத்தில், அவருடைய சொந்தத் தொண்டையிலிருந்து, முதலில் ஒரு செருமல், அப்புறம் அடிவயிற்றிலிருந்து கயிறு இழுக்கிற இழுப்பு, கடைசியில் வற்றின கிணற்றில் வாளி மோதுகிற சத்தம். ஊரே அடையாளம் கண்டுகொண்டது.

சலேத்தம்மா முட்டி போட்டபடியே கையை நீட்டி அந்த வெள்ளை உடுப்பின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "மெதுவா, மெதுவா. பதறாதீங்க" என்றாள். "புளோரா, செம்புல வெந்நி கொண்டா. குடிங்க அய்யா. குடிச்சிட்டு மறுபடி சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல."

அவர் சொல்லவில்லை. மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வந்தார், அவரும் வாசலுக்கு வந்து "வெறும்" என்றார், அவருக்கும் வெந்நீர் கொடுத்தாள். தளத்துக்காரர்கள் வடக்குப் பக்கம் வேறு வாசல் வெட்டிக்கொண்டார்கள். வெளியூர் ஆட்களை வைத்துச் சுவரை இடிக்கலாம் என்று மேஸ்திரிகள் லாரியில் வந்தார்கள். ஆளில்லாத வரிசையின் இருமலைக் கேட்டுவிட்டு, எஞ்சினைக்கூட அணைக்காமல் திரும்பினார்கள். கொட்டகை அப்படியே பூட்டிக் கிடக்கிறது. சப்பரத்துக்கு மேலே ஓலைப்பந்தல் போட்டாயிற்று. சலேத்தம்மா சாப்பிடப் போகும்போது மதலேன் வந்து தொடர்வாள். ஆனால் முடிக்கிற உரிமை தொடங்கினவளுக்குத்தான். புளோராவுக்குப் பெண்பிள்ளை பிறந்து, அந்தப் பந்தலிலேயே ஞானஸ்நானம் நடந்தது. பிள்ளை வீறிட்டு அழுத குரலில் ஒரு கரகரப்பும் இல்லை என்று எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். அமலதாஸ் கடலுக்குப் போகிறான். பிடிபடுவது கொஞ்சம்தான், என்றாலும் உப்பு மணக்கத்தான் வீட்டுக்கு வருகிறான். அடுத்த ஆகஸ்டில் மாதாவுக்கு அந்த வாசலிலேயே திருநாள் எடுத்தார்கள். உடைமரத்தின்மேல் ஏறி, பனிக்குப் பதிலாகப் பொரியைத் தூவினார்கள். பிள்ளைகள் வாயைத் திறந்து பிடித்துத் தின்றார்கள், ஒருத்தரும் மூடச் சொல்லவில்லை.

சாயங்காலமானால் ராயப்புவின் இருமல் வந்து சலேத்தம்மாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொள்ளும். அவள் மணியை உருட்டியபடி செம்பை அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பாள். வாசல் சிப்பாய்கள் நாளுக்கு ஒருத்தராக வந்து, "பாட்டியம்மா, இன்னும் முடியலையா?" என்று கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். தேவரகசியம் எல்லாம் முடிந்தது, மன்றாட்டும் முடிந்தது. ஆமென் மட்டும் அவளுடைய நாக்குக்கடியில், கரையாத கற்கண்டு மாதிரி, இன்னும் இருக்கிறது.